சங்கரதாசரும் சிறுவர் நாடகமும்

தமிழ் இயல், இசை, நாடகம் என முத்திறப்படும். இவற்றுள் இயற்றமிழைக் கற்பிக்கும் ஆசிரியரை ஊர்தோறும் காணலாம். இசை கற்பிப்போரும் பலர் உளர். நாடகம் பயிற்றும் ஆசிரியரை மட்டும் நாட்டினர் எளிதில் அறிந்துகொள்வதில்லை. அரங்கின்மேல் நிற்பவன் நடிகன். ஆரவாரமும் அவனுக்கே உரியது. அவனுக்கு நிற்கவும், நடக்கவும், சொல்லைத் தெளிவுற எடுத்துப் பேசவும் கற்றுக்கொடுத்தவர் படுதாவின் பின்னே நின்றுவிடுகிறார்.

முற்காலத்தார் இவ்வாறு மறந்தாரல்லர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலை வருணிக்குமுன், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவரும் எத்தகைய புலமை உடையவராதல் வேண்டும் என்பதை விரித்துரைக்கின்றார். மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு முறையாகப் பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள் என்பதும் அங்கே கூறப்படுகின்றது. ஏழாண்டுப் பயிற்சி, அதற்கு இத்தனை ஆசிரியர்! கலை என்பது பிறவியோடு வருவது, அதற்குப் பயிற்சி எதற்கு என்று எண்ணுவோர் இக்காதையை ஒருமுறை படித்தல் நலம்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், அவ்வாசிரியர் பலருடைய தொழிலையும் ஒருவரே ஏற்றுச் செய்தார். நாடகத்தை இயற்றும் கவிஞரும் அவரே. பாட்டைச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. நடிப்பைத் திருத்துபவரும் அவரே. அவர்தாம் தவத்திரு சங்கரதாச சுவாமிகள். பிற்காலத்தார் அவரைத் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று போற்றுவர். தந்தை என்றும் வேந்தர் என்றும் கூறாது ஆசிரியர் என்று கூறியதே அவருக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தமிழ்ப் புலமை வாய்ந்த தந்தையாரிடம் முதலிற் பயின்றார். பின்னர்ப் பழநித் தண்டபாணி சுவாமிகளிடம் பாடங்கேட்டார். வெண்பாவும் கலித்துறையும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக அமர்ந்தார். அவ்வேலையில் மனம் பொருந்தாமையால், இருபத்து நான்காம் வயதளவில் நாடகத் துறையை அடைந்தார். இடையிலே துறவு மேற்கொண்டு தலங்கள் பலவற்றுக்கும் சென்றார். அதனாலேயே சுவாமிகள் என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. புதுக்கோட்டையில் கஞ்சிரா வாசிப்பில் இணையற்று விளங்கிய மான்பூண்டியாப் பிள்ளை அவரை மகனைப்போல் ஏற்று ஆதரித்தார். தாளத்தின் நுட்பங்களைச் சுவாமிகள் அப்பெரியாரிடம் அறிந்தார். தமிழறிவோடு தாள அறிவும் சேர்ந்தமையே பின்னாளில் அவருடைய நாடகப் பாடல்கள் சிறுவர் நாவிலும் எளிதில் நிலைபெற்றமைக்குக் காரணம்.

தொடக்கத்தில் அவர் ஆசிரியராக மட்டும் இருக்கவில்லை, நடிகராகவும் விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்கு உரியவை. ஓங்கிய உருவமும் இடிபோன்ற குரலும் உடையவர் ஆதலின், அவ்வேடங்களில் அவரைக் கண்டோர் உண்மையாகவே நடுங்கினர். நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்த ஓர் இரவு கழிந்து, விடியற்காலையில் வேடத்தைக் கலைப்பதற்காக அவர் நீர்த்துறைக்குச் சென்றாராம். இருள் முற்றும் நீங்காத வேளை. உடல் முழுதும் கரிய எண்ணெய்ப் பூச்சு. அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தலைநிமிர்ந்து பார்த்தாள்; பார்த்தவள் அவ்விடத்திலேயே வீழ்ந்து உயிர் நீத்தாள். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகத் தோன்றிப் பாசக்கயிற்றை வீசியபோது, கருவுற்றிருந்த ஒரு பெண் அச்சத்தால் கருச்சிதைவுற்றாள் என்பதும் நாடக உலகில் வழங்கும் செய்தியாகும். இவற்றுக்குப் பின்னர் அவர் வேடம் புனைவதை விடுத்து, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலுமே காலத்தைச் செலுத்தினார் என்பர்.

செவிவழி வரும் செய்திகள் வழிதோறும் வளர்வது இயல்பு. எனினும், இச்செய்தியில் நடிப்புப் பயிற்றுவோர் அனைவரும் எண்ணத்தக்க ஒரு பொருள் உண்டு. பிறரை அஞ்சச் செய்யும் ஆற்றல் பெற்ற நடிகன், அதனாற் பெருமிதம் கொள்வதே உலக வழக்கு. 'என்னைக் கண்டு ஒருத்தி உயிரே விட்டாள்' என்று அதனையே தன் புகழாகச் சொல்லித் திரிபவனும் இருத்தல் கூடும். சுவாமிகள் அவ்வாறு கருதவில்லை. காண்போர் உள்ளத்தில் நடிப்பு எதனைச் செய்கின்றதோ, அதற்கு நடிகன் பொறுப்பாளன் ஆவான் என்று அவர் கருதினார் போலும். தம் கையிலிருந்த கருவியின் கூர்மையை அறிந்த ஒருவர், அதனைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்க்கு அதனைப் பிடிக்கும் முறையைக் கற்பிக்க முற்பட்டார்.

அக்காலத்து நாடக நிலையையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நாடகங்கள் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடைபெறும். நடிகர்கள் கதையை மட்டும் அறிந்து கொட்டகைக்கு வருவர். பேச வேண்டிய உரை இன்னதென்னும் வரையறை இல்லை. ஒருவர் ஒன்று கேட்க, மற்றவர் தம் திறமைக்கு ஏற்ப விடையிறுப்பார். இராஜபார்ட் நடிகர்க்கும் ஸ்திரீபார்ட் நடிகர்க்கும் மேடையிலேயே தர்க்கம் மூண்டுவிடும். கதையில் அரசன் வெல்ல வேண்டிய இடத்தில், வாய்வன்மை மிக்க தோழி வென்றுவிடுவதும் உண்டு. சிலர் மதுவருந்தி வருவர்; சிலர் குறித்த நாளில் வாராதே இருந்துவிடுவர். காண்போர்க்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம். நாடகத்துக்கு அது நலமன்று.

சுவாமிகள் இதற்கு இருவழிகளில் மருந்து தேடினார். ஒன்று, நாடகத்தை முழுதும் எழுதிக்கொடுத்தல். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அருச்சுனா, பிரகலாதன், இலவகுசா, நல்லதங்காள் முதலாக அவர் இயற்றியவை பல. பாட்டும் வசனமும் வரிசைப்பட அமைந்தன. திருக்குறள் முதலிய நூல்களின் கருத்துகளையும் செய்யுட்களையும் இடமறிந்து அவற்றுள் இணைத்தார். மற்றொன்று, அவ்வுரையை மாற்றாது பேசுவதற்கு உரிய நடிகரை உருவாக்குதல். வளர்ந்த நடிகர்கள் தம் பழக்கத்தை எளிதில் விடுவாரல்லர். அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் முதலியோர் நடத்திய சபைகளில் ஆசிரியராக இருந்து அவர் இதனை நன்கு அறிந்திருந்தார். ஆகவே சிறுவரை நாடினார். 1910ஆம் ஆண்டு தோன்றிய சமரச சன்மார்க்க நாடக சபையிலும், 1918ஆம் ஆண்டு மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும் அவர் ஆசிரியராக விளங்கினார். பின்னாளில் கொடிமுடி ஏறிய இசைநடிகர் எஸ். ஜி. கிட்டப்பா முதற்சபையில் இளமையிற் பயின்றவர். டி. கே. எஸ். சகோதரர் என்று புகழ்பெற்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோருள் மூத்தவர்கள் பின்னதிற் சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்பொழுது வயது ஆறு.

ஆறு வயதுச் சிறுவன் அரிச்சந்திரனுடைய துயரையோ கோவலனுடைய பிழையையோ எங்ஙனம் அறிவான்? இவ்வினாவே சிறுவர் நாடகப் பயிற்சியின் நடுவே நிற்பது. அறிந்த பின்னர்ப் பேசுதல் ஒரு முறை. பேசிப் பேசி அறிதல் மற்றொரு முறை. பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளிகள் பின்னதையே கையாண்டன. நெட்டுருச் செய்த பாட்டின் பொருள் அன்று விளங்காவிடினும், வயது ஏற ஏறத் தானே விளங்கும் என்பது அவற்றின் துணிபு. நாடக சபைகளும் அவ்வழியே சென்றன. வாத்தியார் ஒரு வரியைச் சொல்லுவார். சிறுவர் அதனைத் திருப்பிச் சொல்லுவர். இதற்குப் 'பாடம் கேட்டல்' என்று பெயர். தன் வேடத்துக்கு உரிய பாடத்தை மட்டும் கற்றால் போதாது. எதிரே நிற்பவனுடைய பாடமும் தெரிந்திருத்தல் வேண்டும். அன்றேல், அவன் எங்கே முடிப்பான், தான் எங்கே தொடங்குவது என்பது புலப்படாது. நாளடைவில் ஒரு சிறுவனுக்கு நாடகம் முழுதுமே மனப்பாடமாகிவிடும். வேடம் இல்லாத இரவுகளில் பக்கப் படுதாவின் ஓரத்தில் நின்று மூத்த மாணவர் நடிப்பதைப் பார்த்திருத்தலும் பாடத்தின் பகுதியே ஆகும்.

அடுத்தது குரல். அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. ஓலைக் கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் சொல் சென்றடைதல் வேண்டும். கத்தினால் குரல் கெடும். அதனோடு சொல்லும் சிதையும். ஆகவே, ஆர்மோனியத்தில் உயர்ந்த கட்டையை வைத்துக்கொண்டு, அச்சுருதியோடு இழைந்து பாடவும் பேசவும் பழக்கினர். விடியலில் எழுந்து சாதகம் செய்தல் எல்லாச் சபைகளிலும் வழக்கம். மெய்யெழுத்து வல்லெனவும் மெல்லெனவும் இடையெனவும் வேறுபடுதலை ஏட்டிற் படித்த மாணவர் பலர். அதனை வாயாற் செய்து கற்றவர் நாடகச் சிறுவர். லகர ளகர ழகரம் மூன்றும் ஒன்றாக ஒலிக்குமாயின், 'வலி' என்னும் துன்பமும் 'வளி' என்னும் காற்றும் 'வழி' என்னும் நெறியும் ஒன்றாகிவிடும் அன்றோ? கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவர் பொருளறிய மாட்டார். இன்றைய பள்ளி மாணவர் இலக்கணத்தில் கற்கும் பிறப்பியல், அங்கே பிழைப்புக்கு வேண்டிய கல்வியாக இருந்தது.

சுவாமிகள் தம் நாடகங்களில் வெண்பாவும் விருத்தமும் கலித்துறையும் மிகுதியாக வைத்தமைக்கும் இதனோடு தொடர்பு உண்டு. வெண்பாவுக்குச் செப்பலோசையும், அகவற்பாவுக்கு அகவலோசையும், கலிப்பாவுக்குத் துள்ளலோசையும், வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசையும் உரியவை என்பது இலக்கணம். ஓசை முறையறிந்து ஒரு வெண்பாவைச் சொல்லப் பழகிய சிறுவன், மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்பதைத் தானே அறிந்துகொள்வான். செய்யுளின் அடியே அவனுக்கு மூச்சின் அளவுகோல். உரைநடை வசனத்தை மட்டும் கற்றவனுக்கு இவ்வுதவி கிட்டுவதில்லை.

இனி மெய்ப்பாட்டைப் பற்றிச் சிறிது காண்போம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டெனத் தொல்காப்பியர் வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது உடலிற் புலப்படுதலே மெய்ப்பாடு. நடிகனைப் பயிற்றும் ஆசிரியன் உள்ளத்தினின்று தொடங்குவதா, உடலினின்று தொடங்குவதா? சிறுவர் சபைகளில் உடலினின்றே தொடங்கினர். வாத்தியார் செய்து காட்டுவார். மாணவன் பார்த்துச் செய்வான். கை உயரும் அளவு, கண் திரும்பும் இடம், அடியெடுத்து வைக்கும் கணக்கு யாவும் ஆசிரியர் வகுத்தவை.

அதே காலத்தில், தொலைவிலுள்ள உருசிய நாட்டில் வேறோர் ஆசிரியர் இதற்கு மறுதலையான வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பெயர் கான்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. 1863இல் பிறந்து 1938இல் மறைந்தவர். 1898ஆம் ஆண்டு மாஸ்கோ கலை நாடக அரங்கைத் தோற்றுவித்தோருள் ஒருவர். நடிப்புப் பயிலும் மாணவன் ஒருவன் எழுதிய நாட்குறிப்பைப்போல் அவர் ஒரு நூல் இயற்றினார். அதில் வரும் மாணவன், ஒதெல்லோ என்னும் மூர் இனத்துத் தளபதியாக நடிக்க விரும்புகிறான். வீட்டில் கண்ணாடிமுன் நின்று, முகத்தில் சாக்லேட்டை வெண்ணெயிற் குழைத்துப் பூசி, விழியை உருட்டி, பல்லைக் காட்டிப் புலிபோல் உலவிப் பார்க்கிறான். நன்றாகவே நடிப்பதாக எண்ணி மகிழ்கிறான். மேடைக்குச் சென்றவுடன் அச்சம் பற்றுகிறது. செய்த பயிற்சி யாவும் பயனற்றுப் போகின்றது. தன் இயலாமையின்மேல் அவனுக்கே எழுந்த சினத்தால் ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல் உயிரோடு வெளிவருகிறது. ஆசிரியர் மெச்சியது அக்கணத்தைத்தான். மற்றவை யாவும் எங்கோ கண்டதைப்போலச் செய்த போலியே என்று அவர் உணர்த்துகிறார். 'இந்நிலையில் நானே இருந்தால் என்ன செய்வேன்?' என்று மாணவன் தன்னைத்தானே வினவி, அவ்விடையினின்று நடிப்பைத் தொடங்குதல் வேண்டும் என்பது ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் கொள்கை.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? வளர்ந்த மாணவனுக்கு உருசிய ஆசிரியர் வழியே ஏற்றது எனலாம். அவனுக்கு இழப்பும் ஏக்கமும் ஓரளவு தெரியும். தன் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டு. ஆறு வயதுக் குழந்தையிடம் சென்று, 'மனைவியை விற்கும் நிலையில் நீ இருந்தால் என்ன செய்வாய்?' என்று வினவுதல் கொடுமையும் ஆகும், பயனின்மையும் ஆகும். அக்குழந்தைக்குச் சொல்லையும் ஓசையையும் செவ்விதாகக் கொடுத்துவிட்டு, உணர்ச்சி வரும் காலத்தில் வரட்டும் என விடுதலே தகும். ஆனால், செய்து காட்டும் முறையில் ஓர் இடர் உண்டென்பதையும் மறைத்தல் ஆகாது. ஆசிரியர் சிறந்தவராயின் மாணவரும் அவரைப்போல் விளங்குவர். எளியவராயின் ஒரே வகைப் போலி நடிப்பே தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அத்தகைய சபைகளும் தமிழ்நாட்டில் இருந்தன.

சுவாமிகள் ஆசிரியராகச் சிறந்தமைக்குக் காரணம், மாணவனை அளந்தறியும் திறமையே. பாத்திரத்துக்கு ஏற்ற நடிகனைத் தேடுவது யாவரும் செய்வது. அவரோ, நடிகனுக்கு ஏற்ற நாடகத்தையே இயற்றினார். சிறுவன் சண்முகத்தின் நினைவாற்றலையும் குரலையும் கண்டு, அவனை முதன்மையாக வைத்து அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை எழுதினார். இரவு விளக்கை ஏற்றிவைத்து எழுத அமர்ந்தவர், பொழுது விடியுமுன் பாட்டும் வசனமுமாக நாடகம் முழுவதையும் முடித்துவிட்டார் என்று அச்சண்முகமே பின்னாளில் எழுதியுள்ளார். பாண்டவர் குலத்தின் இளஞ்சிங்கமாகிய அபிமன்யு, வயதில் முதிராத வீரன் அல்லனோ? சிறுவன் சிறுவனாகவே நின்று நடித்தற்கு இதனினும் பொருத்தமான பாத்திரம் கிடைத்தல் அரிது. முதுமையையும் துயரத்தையும் அவன்மேல் சுமத்தாமல், அவனிடத்து இருந்த துடிப்பையே அரங்குக்குக் கொண்டுவந்தார்.

நாடகச் சிறுவர்கள் 'கம்பெனி வீடு' என்னும் இல்லத்தில் ஒன்றாக உண்டு, உறங்கி, ஊர் ஊராகச் சென்றனர். பழைய குருகுலத்தை ஒத்தது அவ்வாழ்க்கை. எழுவதற்கும் உண்பதற்கும் ஒத்திகைக்கும் காலவரையறை உண்டு. நவாபு இராசமாணிக்கம் பின்னாளில் நடத்திய தேவி பால விநோத சங்கீத சபை, ஒழுங்குக்குப் பெயர்பெற்றது. மறுபுறத்தையும் கூற வேண்டும். சிறுவர் பலர் வறுமையின் காரணமாகவே அங்கு அனுப்பப்பட்டனர். தாய் தந்தையரைப் பிரிந்து அழுத இரவுகள் அவர்களுக்கு இருந்தன. பாடம் தவறினால் பிரம்படி விழும். இரவெல்லாம் கண்விழித்தல் வளரும் உடலுக்குக் கேடு. பள்ளிக் கல்வி என்பது பலருக்குக் கனவாகவே முடிந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமற்ற கல்வியை உரிமையாக்கியுள்ளது. அத்தகைய சபை இன்று நடைபெறுதல் இயலாது, நடைபெறாமையே நன்று. கலையின் பெருமைக்காகக் குழந்தையின் இளமையை விலையாகக் கொடுத்த காலம் அது.

அவ்விலையின் கடுமை மகரக்கட்டின்போது வெளிப்படும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஆண்பிள்ளைகளின் குரல்வளை விரைந்து வளர்கின்றது. அதனுள் இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையின் தந்தி நீண்டு தடித்தால் ஒலி தாழ்வதுபோல், குரலும் ஏறக்குறைய ஒரு தாயி அளவு தாழ்ந்துவிடும். இடைப்பட்ட திங்கள்களில் குரல் ஒரு நிலையில் நில்லாது உடைந்து உடைந்து வரும். இதனை நாடகத்தார் மகரக்கட்டு என்பர். நேற்றுவரை வள்ளியாகப் பாடி ஊரை மயக்கிய சிறுவன், இன்று வாய்திறந்தால் கொட்டகை சிரிக்கும். ஊதியம் குறையும், வேடம் இளையவனுக்குச் செல்லும். குரலினிமை ஒன்றையே நம்பியிருந்த பிள்ளைகள் பலர் அத்தோடு நாடகத்தை விட்டு நீங்கினர். அவர்கள் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

இவ்விடத்தில்தான், நாடகம் முழுவதையும் கற்பித்த முறையின் பயன் விளங்கும். பிறர் பாடமும் தெரிந்தவன், தோழியாக நடித்தது போய் அரசனாக நடிக்கலாம்; பாட முடியாவிடில் வசனப் பாத்திரம் ஏற்கலாம்; அதுவும் இல்லையேல் இளையவர்க்குப் பாடம் சொல்லித் தரலாம். டி. கே. சண்முகம் இளமைக் குரல் மாறிய பின்னரும் நடிகராக நிலைத்தார். 1942ஆம் ஆண்டு, முப்பது வயதில், கூன் விழுந்த மூதாட்டியாகிய ஔவையாக அவர் நடித்தது தமிழ்நாடு முழுதும் பேசப்பட்டது. ஔவை சண்முகம் என்னும் பெயரும் அதனால் வந்தது. ஆறு வயதில் முதுமையை நடிக்கச் செய்யாது காத்திருந்த பயிற்சிக்கு அது காலம் தாழ்த்துக் கிடைத்த பலன் எனலாம்.

பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றியும் ஒரு சொல். 1873இல் பிறந்த அவர் 1891ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவருடன் நடித்தவர் வழக்கறிஞர், அலுவலர் முதலிய கற்றோர். நாடகத்தால் வயிறு வளர்ப்போர் அல்லர். பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை வளர்த்தார். சுவாமிகளின் வழியும் முதலியாரின் வழியும் வேறு வேறு, எனினும் பகையல்ல. சுவாமிகளிடம் பயின்ற சண்முகமே பின்னர் முதலியாரின் மனோகரனாகவும் நடித்துப் புகழ்பெற்றார்.

சுவாமிகளின் இறுதிக் காலம் துயரமானது. பக்கவாத நோயால் கையும் காலும் முடங்கின, பேச்சும் தடைப்பட்டது. இடிக்குரலால் அரங்கை நடுங்கச் செய்தவர், ஆயிரக்கணக்கான பாடல்களை வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு சொல்லுக்கும் வழியின்றி இருந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் உயிர் நீத்தார். அந்நகரின் கருவடிக்குப்பத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1925இல், டி. கே. எஸ். சகோதரர்கள் தாமே ஒரு நாடக சபையைத் தோற்றுவித்தனர்.

அவருடைய நாடகங்கள் இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுதும் நடிக்கப்படுகின்றன. அவற்றை 'ஸ்பெஷல் நாடகம்' என்பர். வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்து வருவார். முருகனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுபவர் மூன்றாம் ஊரினர். அவர்கள் ஒன்றுகூடி ஒத்திகை பார்ப்பதில்லை. முன்பின் கண்டிராதவராகவும் இருக்கக்கூடும். மேடையில் தர்க்கமும் நகைச்சுவையும் அவரவர் வாய்வன்மைக்கு ஏற்ப நீளும். அவர் தவிர்க்க விரும்பிய பழக்கம் ஓரளவு திரும்பி வந்ததென்றே கூற வேண்டும். ஆயினும், தர்க்கம் எவ்வளவு தொலைவு சென்றாலும், ஒருவர் சுவாமிகளின் பாட்டொன்றை எடுத்த அளவில் மற்றவர் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்கிறார். பின்பாட்டுக்காரரும் சுருதியோடு சேர்ந்துகொள்கிறார். பாடம் மூவர்க்கும் ஒன்றே ஆதலின், கதை தன் வழிக்குத் திரும்பி வந்துவிடுகிறது.